மெல்லிய குழாய்க்கு மில்லை மேம்படுத்தித் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்

ஃபர்னிச்சர் பைப் மில் வைத்திருப்பவர்களும் அங்கே உற்பத்தி பார்ப்பவர்களும் இதைக் கொஞ்சம் படியுங்கள். "உங்கள் பழைய மில்லிலேயே 0.6 மில்லிமீட்டர் கனத்தில் குழாய் ஓட்டலாம், ரோல் செட்டையும் வெல்டர் எந்திரத்தையும் மாற்றினால் போதும்" என்று சொல்லி வந்த ஒரு நிறுவனம், பெரிய தொகையை வாங்கிக்கொண்டு ஓடாத மில்லை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறது. விவகாரம் வக்கீல் கையில் இருப்பதால் பெயர் போடவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால் போதும், எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுவிடலாம்.

நான் கோவைப் பக்கம் ஒரு சின்ன மில்லில் உற்பத்தி பார்க்கிறேன். ஸ்ட்ரிப்பை, அதாவது நீளமான இரும்புத் தகட்டுப் பட்டையை, ரோல்களில் வளைத்து, ஹை ஃபிரீக்வென்சி மின்சாரத்தில் வெல்டு போட்டுக் குழாயாக்கும் வழக்கமான ஈ.ஆர்.டபிள்யூ. (மின்தடை வெல்டு) மில். 25.4 மில்லிமீட்டர் விட்டத்தில் 1 மில்லி, 1.2 மில்லி கனம் எல்லாம் பிரச்சினையில்லாமல் ஓடும். கட்டில், நாற்காலி செய்கிறவர்கள் எடையைக் குறைக்க 38.1 விட்டத்தில் 0.6 கனம் கேட்க ஆரம்பித்த சமயம் பார்த்து இவர்கள் வந்தார்கள்.

கொண்டுவந்த பிரசுரத்தைப் பார்த்தபோதே எனக்கு உறுத்தியது. அட்டையில் இருந்தது பில்கர் மில்லின் படம். வெல்டு இல்லாத குழாயை உள்ளே மாண்ட்ரல் என்ற தண்டை வைத்து, ரோல் ஸ்டாண்டு முன்னும் பின்னும் ஓடி நசுக்கி நசுக்கி மெல்லிசாக்கும் எந்திரம் அது. ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகத்தில் ஜிர்கலாய் (ஜிர்கோனியம் உலோகக் கலவை) குழாய் செய்வதெல்லாம் அந்த முறையில்தான். கட்டில் கால் பைப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கேட்டேன். "அது சும்மா டிசைனுக்கு சார்" என்றார்கள். சரி, படம்தானே என்று முதலாளி விட்டுவிட்டார்.

அடுத்து சாம்பிள். 38.1 விட்டம், 0.6 கனம், பளபளவென்று ஒரு குழாய்த் துண்டு. எங்கள் மில்லைப் போன்ற ஒன்றில் ஓட்டியது என்று சத்தியம் செய்யாத குறை. அட்வான்ஸ் போன பிறகுதான் அது மில்லில் ரோல்களைப் பொருத்திச் சரிசெய்யும் எங்கள் செட்டர் அண்ணன் கைக்கு வந்தது. வாங்கியவர் நேராக உள்ளே விரலை விட்டார். "தம்பி, பீடே இல்லீங்களே. இது மில்லுல ஓட்டுனதில்லீங்க, டை போட்டு இழுத்தது."

அவர் சொன்னது சரிதான். வெல்டு முனையில் இருக்கும் ஸ்க்வீஸ் ரோல் ஸ்ட்ரிப்பின் இரண்டு விளிம்பையும் அழுத்தும்போது உருகிய இரும்பு வெளியேயும் உள்ளேயும் பிதுங்கும். அதுதான் பீடு. வெளியே பிதுங்கியதை டூல் சீவிவிடும். ஃபர்னிச்சர் பைப்பில் உள்ளே இருப்பதை யாரும் சீவுவதில்லை. விரலை விட்டால் ஒரு கோடு நெருடும். அந்தக் கோடே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது பெரும்பாலும் டை என்ற துளை அச்சிலும் மாண்ட்ரலிலும் இழுத்து மெல்லிசாக்கிய குழாய். வேறு தொழில், வேறு விலை.

டிரயலும் பார்த்தோம், அவர்கள் இடத்தில். 25.4 விட்டம், 1.2 கனம். அருமையாக ஓடியது, ஓடாமல் என்ன? விட்டத்தைக் கனத்தால் வகுத்தால் 21தான் வருகிறது. நாங்கள் கேட்ட குழாய்க்கு அந்தக் கணக்கு 63.5. இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் மொத்தத் தலைவலியும்.

ஸ்ட்ரிப் வட்டமாக வளையும்போது அதன் விளிம்புகள் மேலேறி வருகின்றன. நடுப்பகுதி நேராகப் போகிறது, விளிம்பு சுற்றுப்பாதையில் போகிறது. அதனால் விளிம்பு கொஞ்சம் இழுபட்டு நீளுகிறது. குழாய் மூடும் இடத்தில் நீண்டுபோன அந்த விளிம்புக்குப் போக இடமில்லை. கனமான ஸ்ட்ரிப் சமாளித்துக்கொள்ளும். 0.6 ஸ்ட்ரிப் புடவைக் கொசுவம் மாதிரி நெளிந்துவிடும். நெளிந்த விளிம்பு வெல்டு முனைக்கு வந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அல்லது பொத்தல் விழும். எத்தனை லட்சத்துக்கு வெல்டர் வாங்கினாலும் இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் கோளாறு வெல்டுக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. வளைப்பைக் கூடுதல் பாஸ்களில், அதாவது கூடுதல் ரோல் ஜோடிகளில், பிரிக்க வேண்டும், விளிம்பு மேலேற ஏற அடிப்பாகத்தைப் படிப்படியாகக் கீழே இறக்கும் டவுன்ஹில் செட்டிங் வேண்டும், அல்லது பக்கவாட்டுச் சின்ன ரோல்களால் தாங்கிப் பிடிக்கும் கேஜ் ஃபார்மிங். இவர்கள் கொட்டேஷனில் இதில் ஒன்றுகூட இல்லை.

ரோல்களை மாட்டும் தண்டான எங்கள் ஸ்பிண்டிலைக்கூட அவர்கள் அளக்கவில்லை. பிறகு நாங்களே டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். ஒரு ஸ்டாண்டில் 0.15 மில்லி ஆட்டம். 0.6 சுவருக்கு அது கால் பங்கு. அந்த ஸ்பிண்டில்மேல் தங்கத்தில் ரோல் செய்து மாட்டினாலும் ஒன்றும் ஆகாது.

ரோல்களும் தங்கமில்லை. டி-2 என்ற விலையுயர்ந்த டூல் ஸ்டீல் என்று பில் போட்டிருந்தார்கள். சந்தேகப்பட்டுக் கேட்டபோது அவர்கள் ஆள் கையடக்க ஹார்ட்னஸ் மீட்டரை வைத்து "60 வருது பாருங்க சார்" என்று காட்டினார். இந்த வித்தையைக் கவனியுங்கள்: 60 என்பது உண்மைதான். விலை குறைந்த பேரிங் ஸ்டீலான ஈஎன்-31-ஐச் சரியாக ஹார்டன் செய்தால் அதுவும் 60 காட்டும். வித்தியாசம் குரோமியத்தில். டி-2-வில் சுமார் 12 சதவீதம், ஈஎன்-31-இல் ஒன்று, ஒன்றரைதான். தேய்மானம் தாங்குவதிலும் விலையிலும் அதனால்தான் இரண்டுக்கும் எட்டாத தூரம். அண்ணன் ஒரு ரோலின் உள்பக்க ஓரத்தை கிரைண்டரில் லேசாகத் தொட்டார். டி-2 என்றால் பொறி குட்டையாக, செம்மஞ்சளாக, கொஞ்சமாகத்தான் வரும். இதில் நீளமாகப் பறந்து மத்தாப்பு மாதிரி வெடித்துச் சிதறியது. லேபுக்கு அனுப்பி அறிக்கையும் வாங்கிவிட்டோம்.

குழாய் ஓடாதபோது அவர்கள் சொன்ன காரணங்கள் இருக்கிறதே, அது தனிக் கதை. முதலில் "காயில்ல கேம்பர் இருக்கு சார்," அதாவது ஸ்ட்ரிப் சுருள் பக்கவாட்டில் வளைந்திருக்கிறதாம். வேறு காயில் மாற்றினோம். அடுத்தது குளிர்விக்கும் கூலண்ட். அப்புறம் வெல்டு மின்சாரத்தை விளிம்பில் குவிக்கக் குழாய்க்குள் வைக்கும் இம்பீடர். எல்லாம் தீர்ந்த பிறகு "உங்க ஆளுங்களுக்கு டிரெயினிங் பத்தலை." எங்கள் செட்டர் அண்ணன் மில் ஓட்ட ஆரம்பித்தபோது இதைச் சொன்ன பையன் பள்ளிக்கூடம் போயிருப்பானா என்பதே சந்தேகம்.

வழக்குப் பக்கம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கிய எந்திரம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியிருந்தால்தான் விலக்கு. எங்களைப் போன்ற மில்லுக்கு வணிக நீதிமன்றம்தான். 2018 திருத்தத்துக்குப் பிறகு 3 லட்சம் முதல் அங்கே போகலாம், ஆனால் அவசரத் தடை எதுவும் கேட்காத வழக்கு என்றால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். அங்கே கைகொடுப்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16: என்ன காரியத்துக்கு என்று சொல்லி, விற்பவர் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்கு உதவ வேண்டும்.

அதனால் பி.ஓ.வில், அதாவது கொள்முதல் ஆர்டரில், "தின் வால் அப்கிரேடு" (மெல்லிய சுவருக்கு மேம்படுத்தல்) என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். விட்டம், கனம், ஸ்ட்ரிப் கிரேடு, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர், நசுக்கிப் பார்க்கும் சோதனையில் வெல்டு பிளக்கக் கூடாது என்பது வரை எழுத்தில் வரட்டும். டிரயல் உங்கள் இடத்தில், உங்கள் காயிலில், அதே விட்டம் கனத்தில். எங்கள் பி.ஓ.வில் 38.1, 0.6 என்று முதலாளி பிடிவாதமாக எழுத வைத்திருந்தார். வக்கீல் இப்போது பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வரியைத்தான்.

மீதித் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறோம். அதைக் கேட்டு அவர்கள்தான் எங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். லேப் அறிக்கையோடு பதில் போயாகிவிட்டது, சமரசத் தேதிக்குக் காத்திருக்கிறோம்.