ஸ்டீராய்டை நிறுத்திய மூன்றாம் வாரமே ‘ஆயுளுக்கும் ஊசி’ என்றால் பணம் கட்டாதீர்கள்

ஓர் இளைஞர், 27 வயது. கல்யாணத்துக்கு ஏழு மாதம் இருந்தது. ஒரு ஜிம்மும், அதற்குப் பக்கத்திலேயே இருந்த ‘ஆண்கள் நல’ கிளினிக்கும் இந்த ஒரே உடம்பை வைத்து மூன்று முறை பணம் பார்த்துவிட்டன. தசை ஏற்றும் ஸ்டீராய்டு ஊசிக்கு 38,000 ரூபாய். ஊசியை நிறுத்தியபின் ‘ரிக்கவரி கிட்’ என்று 9,500. அது பலிக்காமல் போனதும் ஓராண்டு ‘ஹார்மோன் பேக்கேஜ்’ என்று 65,000. கடைசியில் கையில் இருப்பது ஒரு விந்துப் பரிசோதனை ரிப்போர்ட். விந்தணு எண்ணிக்கை என்ற வரிக்கு நேரே ‘இல்லை’ என்று அச்சாகியிருக்கிறது.

ஆளும் ஊரும் தெரியாதபடி எழுதுகிறோம். ஊசியின் அளவும் ரிப்போர்ட்டின் எண்களும் மட்டும் அப்படியே இருக்கின்றன. இதே வரிசையில் இன்னும் பலரை ஏமாற்ற முடியும் என்பதால் அவற்றை மறைப்பதில் நியாயமில்லை.

முதலில் ஜிம்மில் நடந்தது. 16 வாரத்துக்கு ஒரு ‘கோர்ஸ்’. வாரம் 500 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) எனந்தேட், அதன் வகையறாவில் வாரம் 300 மில்லிகிராம் நான்ட்ரோலோன் டெக்கனோயேட் (ஜிம் வழக்கில் ‘டெக்கா’), முதல் ஆறு வாரம் தினம் 30 மில்லிகிராம் மெத்தாண்டியனோன் மாத்திரை. ஜிம் மாஸ்டர் சொன்னது: “தம்பி, உடம்புல ஊறுற சரக்குதான் இது. கொஞ்சம் கூடப் போடுறோம், அவ்வளவுதான்.” பில் கிடையாது. கொடுத்த குப்பிகளின் படம் இருக்கிறது. 10 மில்லி கண்ணாடிக் குப்பி, பளபளப்பான லேபிள், பெரிய எழுத்தில் வெளிநாட்டுப் பெயர். பேட்ச் எண் இருக்கிறது, உற்பத்தி உரிம எண் இல்லை. தயாரித்தவர் பெயர் இருக்கிறது, முகவரி இல்லை. எம்.ஆர்.பி. இல்லை. டெஸ்டோஸ்டிரோனும் அதன் வகையறாவும் இந்தியாவில் ஷெட்யூல் எச் மருந்துகள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, உரிமம் பெற்ற மருந்துக்கடைக்கு வெளியே விற்கவே கூடாது. முறையான பெட்டியில் ‘ஷெட்யூல் எச்’ எச்சரிக்கை வாசகம் கட்டாயம் இருக்கும். இந்தக் குப்பியில் எதுவுமே இல்லை. உள்ளே இருந்தது என்ன எண்ணெய், எத்தனை மில்லிகிராம், கிருமி நீக்கியதுதானா என்பதை அந்த மாஸ்டராலும் சொல்ல முடியாது.

அடுத்தது உடம்புக்குள் நடந்தது. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு சமிக்ஞை அனுப்பும். அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடும். எல்.எச். போய் விரையில் டெஸ்டோஸ்டிரோனை ஊற வைக்கும். எஃப்.எஸ்.எச். விந்தணு உற்பத்தியைத் தாங்கிப் பிடிக்கும். வெளியிலிருந்து ஊசி ஏறியதும் மூளை “ஏற்கெனவே நிறைய இருக்கிறது” என்று சமிக்ஞையை நிறுத்திவிடும். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் எகிறும், விரைக்குள் வற்றிப்போகும். விந்தணு உருவாக இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமான அளவு விரைக்குள் தேவை. “டெஸ்ட் ஏத்தினா ஆண்மை கூடும்” என்று ஜிம்மில் சொல்வது பாதி உண்மைகூட இல்லை. ஆசை கூடலாம். பிள்ளை பெறும் சக்தி சரிந்துகொண்டிருக்கும். வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட்டை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது. இந்தத் தம்பிக்குப் போட்டது அதைப்போல் இரண்டரை மடங்கு, கூடவே டெக்கா.

இப்போது ‘கிட்’. வெள்ளைக் கவரில், சொந்த உற்பத்தியைத் தூண்டும் என்று பத்து நாளுக்கான குளோமிஃபீன், டமாக்ஸிஃபென் மாத்திரைகள், இரண்டு எச்.சி.ஜி. குப்பிகள். பட்டைகளிலும் பெட்டிகளிலும் அச்சிட்ட விலையைக் கூட்டினால் 1,500 ரூபாய்கூட வரவில்லை. விலையைக்கூட விட்டுவிடலாம். கடைசி ஊசி போட்ட மூன்றாம் நாளே இதைத் தொடங்கச் சொன்னதுதான் பெரிய தவறு. எனந்தேட்டின் அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறையும் காலம்) ஏறத்தாழ நான்கரை நாள், உடம்பைவிட்டுப் போக மூன்று வாரம் பிடிக்கும். டெக்காவின் அரை ஆயுள் 6 முதல் 12 நாள், தசையிலிருந்து கசிந்து முடியவே இரண்டு மாதம் வரை ஆகலாம். அது இரத்தத்தில் இருக்கும்வரை மூளை சமிக்ஞை விடாது. குளோமிஃபீனோ மூளையை ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) விஷயத்தில் மட்டும்தான் ஏமாற்றும், டெக்காவின் பிடியை அது தளர்த்தாது. மாத்திரை தீர்ந்த நாளில் டெக்கா இன்னும் உள்ளேதான் இருந்தது.

எச்.சி.ஜி. கதை இன்னும் மோசம். அது புரதம். 2 முதல் 8 டிகிரியில் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லிப் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. மாஸ்டர் அதை எடுத்துக் கொடுத்தது பைக் சீட்டுக்கு அடியிலிருந்து, அதுவும் மே மாதத்தில். கெட்டுப்போகாமல் இருந்திருந்தாலும் அது எல்.எச். போல நடித்து விரையைத் தூண்டுமே தவிர, மூளையின் சொந்த எல்.எச்.-ஐத் திரும்பக் கொண்டுவராது. எச்.சி.ஜி. போட்டுக்கொண்டிருக்கும்போது டெஸ்டோஸ்டிரோன் பார்த்தால் எண் அழகாக ஏறியிருக்கும். “பார்த்தியா, ரிக்கவரி ஆயிடுச்சு” என்று காட்ட வசதி. நிறுத்தினால் இறங்கிவிடும். குளோமிஃபீன் எடுக்கும்போது பார்க்கும் ரிப்போர்ட்டும் அப்படித்தான். மருந்துகள் எல்லாம் நின்று சில வாரம் கழிந்தபின் வரும் எண்தான் உங்கள் சொந்த எண். குளோமிஃபீன் சிலருக்குக் கண்ணில் மங்கலும் மின்னலும் காட்டும், அப்படி வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்ற எச்சரிக்கைகூட அந்தக் கவரோடு வரவில்லை.

கடைசி ஊசிக்குப் பிறகு மூன்றாவது வாரம். எழுந்து நடக்கச் சோர்வு, ஆசை சுத்தமாக இல்லை, தூக்கமில்லை, காரணமில்லாத அழுகை. ஊசி வடிகிறது, சொந்த உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. இந்த இடைவெளியில் இப்படித்தான் இருக்கும். இதைத்தான் கிளினிக் அறுவடை செய்தது.

மாலை 4 மணிக்கு இரத்தம் எடுத்திருக்கிறார்கள். பார்த்தது ஒரே ஒரு சோதனை, மொத்த டெஸ்டோஸ்டிரோன்: 118, அதாவது மிகக் குறைவு. “உங்களுக்குச் சொந்தமா ஊறுறது நின்னுபோச்சு சார், இனி ஆயுளுக்கும் ஊசிதான்.” அன்றைக்கே இடுப்பில் 1,000 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் அண்டெகனோயேட். 4 மில்லி எண்ணெய், 10 முதல் 14 வாரம் வரை மெல்லக் கசிவது. மாத்திரை என்றால் நாளை நிறுத்தலாம். ஜெல் என்றால் இன்றிரவே நிறுத்தலாம். இந்த ஊசியைப் போட்டபின் யாராலும் வெளியே எடுக்க முடியாது. அடைபட்டுக் கிடந்த மூளைக்கு மேலே இன்னொரு மூன்று மாதப் பூட்டு. கையெழுத்து வாங்கிய தாளில் பிள்ளைப்பேறு பற்றி ஒரு சொல் இல்லை. கல்யாணம் எப்போது என்றும் யாரும் கேட்கவில்லை.

எல்.எச். சோதனை செய்திருந்தால் சில நூறு ரூபாயில் உண்மை தெரிந்திருக்கும். டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எல்.எச். அதிகம் என்றால் மூளை கத்துகிறது, விரை கேட்கவில்லை. அது விரையின் கோளாறு. டெஸ்டோஸ்டிரோனும் குறைவு, எல்.எச்.-உம் குறைவு என்றால் சமிக்ஞையே வரவில்லை. ஸ்டீராய்டு நிறுத்தியவருக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவது, அதுதான் பொதுவாக மீளக்கூடியது. பிறகு ஒரு நாளமில்லாச் சுரப்பியியல் (ஹார்மோன்) டாக்டர் பார்த்தபோது எல்.எச். 0.2, எஃப்.எஸ்.எச். 0.3, இரண்டுமே மிகக் குறைவு. மூளை பேசவில்லை. ‘விரை செத்துப்போச்சு’ என்று சொல்ல அந்த ரிப்போர்ட்டில் ஆதாரம் எதுவுமில்லை.

சோதனையை எப்படிச் செய்வது என்பதை விவரமாகச் சொல்கிறோம், ஏமாறுவது இங்கேதான். காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில். மாலையில் எடுத்தால் எண் இயல்பாகவே குறையும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி. ஒரு எண்ணை வைத்து யாருக்கும் நோய் என்று முடிவு கட்டக் கூடாது. கூடவே எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், எஸ்.எச்.பி.ஜி. (டெஸ்டோஸ்டிரோனைச் சுமக்கும் புரதம்), எஸ்ட்ரடயால், ஹீமடோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) உள்ள முழு இரத்த எண்ணிக்கை. முடி வளர என்று பயோட்டின் சாப்பிடுபவர்கள் சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். சில லேப் முறைகளில் அது டெஸ்டோஸ்டிரோனைப் பொய்யாகக் கூட்டியும் எல்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்தும் காட்டும். விந்துப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் விலகியிருந்து கொடுக்க வேண்டும். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும், அதனால் வாரா வாரம் பார்ப்பது காசுக்குக் கேடு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். டாக்டரிடம் என்ன போட்டீர்கள், எத்தனை வாரம், கடைசித் தேதி எது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நல்ல டாக்டரும் தவறான முடிவுக்குத்தான் வருவார்.

எத்தனை நாளில் மீளும்? ஆண் கருத்தடை ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளிவந்த கணக்கில், ஊசியை நிறுத்தியவர்களில் விந்தணு எண்ணிக்கை மில்லிக்கு 2 கோடியைத் தொட்டவர்கள் 6 மாதத்தில் 67 சதவீதம், 12 மாதத்தில் 90, 16 மாதத்தில் 96. அவர்கள் போட்டது கட்டுப்பாடான அளவு. ஜிம் அளவுக்கும் கலவைக்கும் இதைவிட நீளலாம். எல்லோருக்கும் முழுசாகத் திரும்பும் என்ற வாக்குறுதியும் இல்லை. டென்மார்க்கில் ஸ்டீராய்டை விட்டுச் சராசரியாக இரண்டரை ஆண்டு ஆனவர்களைப் பார்த்தபோது நான்கில் ஒருவருக்கு மேல் டெஸ்டோஸ்டிரோன் இயல்பைவிடக் குறைவாகவே இருந்தது. பொறுமை வேண்டும், கண்காணிப்பும் வேண்டும். சும்மா காத்திருக்க முடியாத நிலை, உதாரணமாக மனைவியின் வயது, இருந்தால் எச்.சி.ஜி.-உம் எஃப்.எஸ்.எச். ஊசியும் டாக்டர் மேற்பார்வையில் உண்டு. அது வெள்ளைக் கவரில் வருவதில்லை.

அந்தச் சோர்வு வாரங்களில் சாகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அதை ‘கோர்ஸ் முடிஞ்ச டவுன்’ என்று தள்ளிவிடாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், மனநல டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மனஸில் தமிழிலேயே பேசலாம். நிறுத்தியவர்களை மறுபடி ஊசிக்கே துரத்துவது பெரும்பாலும் இந்த இருட்டுதான்.

டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையே மோசடி என்று சொல்லவில்லை. பிட்யூட்டரியில் கட்டி எடுத்தவர்கள், கிளைன்ஃபெல்டர் என்ற பிறவிக் குரோமோசோம் கோளாறு உள்ளவர்கள், விரையை இழந்தவர்கள் போன்றோருக்கு அது அவசியமான மருந்து. பிள்ளை வேண்டும் என்பவருக்கு அதைத் தொடங்கக் கூடாது என்பது நாளமில்லாச் சுரப்பியியல் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. தொடங்குமுன் ஹீமடோக்ரிட் பார்க்க வேண்டும். பிறகு 3 முதல் 6 மாதத்தில் ஒரு முறை, அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை. 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும், இரத்தம் கூழாகி உறையும் அபாயம் உண்டு. “ஒரு பை இரத்தம் கொடுத்தா சரியாயிடும்” என்பது அளவைக் குறைக்காமல் ஓட்டும் வழி. ஜெல் பூசியவர் கையும் தோளும் குழந்தை மேல் பட்டால் குழந்தைக்கு ஹார்மோன் ஏறும். இதற்காகவே அமெரிக்க மருந்துத் துறை 2009-இல் பெட்டியில் எச்சரிக்கை போடச் சொன்னது. 2023-இல் வெளிவந்த, ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரை வைத்து நடந்த டிராவர்ஸ் ஆய்வைக் காட்டி ‘இதயத்துக்குப் பாதுகாப்பு’ என்பார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்பது சரி. அதே ஆய்வில் இதயத் துடிப்புச் சீர்குலைவும், நுரையீரல் இரத்தக்கட்டும், சிறுநீரகப் பாதிப்பும் மருந்து எடுத்தவர்களிடம் அதிகம். எலும்பு முறிவும் அதிகம் என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. அதில் இருந்தவர்கள் 45 முதல் 80 வயதுக்காரர்கள். 27 வயதுப் பையனுக்கு அதைக் காட்டி விற்பதில் நேர்மை இல்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ டாக்டர் தரும் பிரெட்னிசலோனும் ஸ்டீராய்டுதான், ஆனால் வேறு இனம். நீண்ட நாள் எடுத்தபின் அதைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஏமாந்தவர்கள் செய்ய வேண்டியது: காலிக் குப்பி, கவர், பெட்டி எதையும் எறியாதீர்கள். லேபிளை நாலு பக்கமும் படம் எடுங்கள். ஜிபே பதிவு, வாட்ஸப் உரையாடல், ஊசி அட்டவணை எழுதிய துண்டுச்சீட்டு எல்லாம் சாட்சி. சீட்டில்லாமல் மருந்து விற்றதற்குச் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கோ, உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளருக்கோ எழுதுங்கள். கிளினிக்கிடம் உங்கள் சிகிச்சைப் பதிவேட்டை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் டாக்டர் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915.

65,000 வாங்கிய கிளினிக் இதுவரை ஒரு ரூபாயும் திருப்பித் தரவில்லை. இரண்டாவது ஊசிக்கு ‘அப்பாயின்ட்மென்ட்’ என்று மட்டும் மூன்று முறை குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அவர் போகவில்லை. பெண் வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லிக் கல்யாணத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அடுத்த விந்துப் பரிசோதனை கடைசி ஊசியிலிருந்து ஆறாவது மாதம்.