போனி கதையில் காலப்பயணம்: போவதா, வரவழைப்பதா?

போனி என்ற மட்டக்குதிரையையும் காலப்பயணத்தையும் சேர்த்து எழுதும் சிறுவர் நாவலுக்குப் பெரும்பாலும் இரண்டே வழிதான்: இன்றைய சிறுமி குதிரையேறிப் பழைய காலத்துக்குப் போவாள், இல்லையென்றால் பழைய காலத்துப் பையன் தன் குதிரையோடு இங்கே வந்து நிற்பான்.

என் ஓட்டு முதல் வகைக்கு. போனிகளுக்கு அந்தக் காலத்தில் நிஜமான வேலை இருந்தது. பிரிட்டனில் பெண்களும் 10 வயதுக்குக் குறைந்த சிறுவர்களும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாது என்று 1842-இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு நிலக்கரி வண்டிகளை இழுக்கக் குள்ளமான ஷெட்லாண்ட் இனப் போனிகளைச் சுரங்கத்துக்குள் நிறைய இறக்கினார்கள், பல குதிரைகளுக்குக் கொட்டிலும் நிலத்தடியிலேயே. அந்த இருட்டில் ஒரு பையன் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் குதிரைக்கு நீட்டுவதை நம் சிறுமி பார்க்கிறாள் என்று வையுங்கள், நட்புக்கு வேறு விளக்கமே வேண்டாம்.

இரண்டாவதில் சிரிப்பு அதிகம். ஹாரன் சத்தத்துக்குக் குதிரை மிரளும், பையன் விளக்கு சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்ப்பான். ஜாலிதான், ஆனால் நாலு அத்தியாயத்தில் அந்த வேடிக்கை தீர்ந்துவிடும், அப்புறம் குதிரையை எங்கே ஒளித்து வைப்பது என்பதே கதையாகிவிடும் (சாணம் வேறு காட்டிக்கொடுக்கும்!). ஆனாலும் பிரிவு இதில்தான் கனமாக விழும். திரும்பிப் போனவன் என்ன ஆனான் என்று சிறுமி பழைய பதிவேட்டில் தேட வேண்டியிருக்குமே.

இருட்டுக்குப் பயப்படும் குழந்தை என்றால், சரி, இரண்டாவதையே எடுங்கள்.