பத்தாவது முடித்த பையனுக்கு நாலு வழி: ஒரு கடலூர் கணக்கு

அக்கா மகன் பத்தாவது தேறிவிட்டான். வயது 16. வீட்டில் கடன் இருக்கிறது. மேலே படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா என்று ரெட்டிச்சாவடி வீட்டுத் திண்ணையில் ஒரு வாரமாக இதே பேச்சு. முன்னால் இருந்தவை நான்கு: கெமிக்கல் ஆலையில் காண்ட்ராக்ட் ஹெல்பர், துணிக்கடை, அப்ரண்டிஸ் (உதவித்தொகையோடு தொழில் பழகுவது), செம்மண்டலம் அரசு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்). கைக்கு வரும் காசை வைத்துப் பார்த்தால் ஆலைதான் மேலே, ஐ.டி.ஐ. கடைசி.

முதலில் ஆலை. ஆள் பிடித்துத் தரும் மேஸ்திரி ஒருவர் நாளுக்கு 450 என்றார். 26 நாள் போனால் 11,700. அக்கா முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம்தான் அவர் மெதுவாக, "பெரியவன் ஆதாரைக் கொண்டாம்மா, வயசு 19-னு போட்டுக்கலாம்" என்றார். அங்கேதான் எனக்கு உறுத்தியது. 1986ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தை 2016இல் திருத்தியபோது, 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை 'வளரிளம் பருவத்தினர்' என்று தனியாகப் பிரித்தார்கள். அவர்கள் வேலைக்குப் போகலாம். ஆனால் சுரங்கம், தீப்பற்றும் பொருள், வெடிபொருள், ஆபத்தான ரசாயனச் செயல்முறைகள் ஆகியவற்றில் கால் வைக்கக் கூடாது. கடலூரில் சிப்காட் தொழிற்பேட்டையும் பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கமும் இருக்கும்போது, இந்தத் தடை நம் ஊருக்கென்றே எழுதியது போல இருக்கிறது. மீறி வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேஸ்திரி ஆதாரை மாற்றச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஏற்பாட்டில் அடி வாங்குவது பையன்தான். அண்ணன் பெயரில் உள்ளே போனால் பி.எஃப். சேமிப்பு, இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு எல்லாம் அண்ணன் பெயரில் ஏறும். கையில் ஆசிட் தெறித்தால், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனும் அட்டையில் இருப்பவனும் வேறு வேறு ஆள். நஷ்டஈடு கேட்குமுன் தான் யார் என்பதையே அவன் நிரூபிக்க வேண்டும். 11,700-இல் ஒரு பங்கு அவன் பெயரை விற்ற காசு என்றுதான் எனக்குப் பட்டது.

துணிக்கடை ஆபத்து இல்லாத வேலை, சட்டப்படி போகலாம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் மாதம் 8,000 சொன்னார்கள். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதரை. ஆனால் 18 நிரம்பாதவர்களுக்குச் சட்டம் சொல்லும் கணக்கே வேறு. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, நடுவில் 1 மணி நேரம் ஓய்வு, அந்த ஓய்வையும் சேர்த்து மொத்தம் 6 மணி நேரம். இரவு 7 மணிக்கு மேல் கூடாது, காலை 8 மணிக்கு முன்னும் கூடாது. ஓவர்டைம் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. முதலாளி தனிப் பதிவேட்டில் பையனின் பிறந்த தேதியையும் வேலை நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும். நான் இதை எடுத்துச் சொன்னதும் கடைக்காரர் கோபப்படவில்லை. "அப்ப பதினெட்டு முடிச்சிட்டு வரச் சொல்லுங்க" என்று சிரித்தார், அவ்வளவுதான். நேர விதியை மீறினால் அதிகபட்சம் ஒரு மாதச் சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ. தீபாவளி வியாபாரத்துக்கு முன்னால் அது யாரையும் பயமுறுத்தாது. கடைசியில் காலை 9 முதல் 3 வரை, 4,000 என்று இறங்கி வந்தார். இது நியாயமான வேலைதான், ஆனால் இரண்டு வருடம் புடவை மடித்த பிறகும் கையில் ஒரு தொழில் இருக்காது.

கோயம்புத்தூர் பக்கம் நூற்பாலை, தங்குமிடம், மூன்று வருடம் கழித்து மொத்தமாகப் பணம் என்றும் ஒரு ஏஜெண்ட் வந்தார். சம்பளத்தை மாதாமாதம் கொடுக்காமல் மொத்தமாகத் தருகிறேன் என்பவரிடம் பேசவே தேவையில்லை.

அப்ரண்டிஸ் பற்றி நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி 14 வயதிலேயே சேரலாம், ஆபத்தான தொழில் என்றால் 18. பையன் மைனர் என்பதால் ஒப்பந்தத்தில் பாதுகாவலர் கையெழுத்துப் போட வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். 2019 விதிகளில் பத்தாவது முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 6,000, இரண்டாம் ஆண்டு 10 சதவீதம் கூடுதல். சட்டத்தின் கண்ணில் இவர் தொழிலாளி அல்ல, பயிற்சியாளர். அதனால் பி.எஃப். கேட்க முடியாது, ஆனால் வேலையில் காயம்பட்டால் நஷ்டஈட்டுக்கு உரிமை உண்டு. கடைச் சம்பளத்தைவிட எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் நாங்கள் விசாரித்த இடங்களில் எல்லாம் ஐ.டி.ஐ. சான்றிதழ் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

சரி, ஐ.டி.ஐ. மாதம் 750 உதவித்தொகை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் இன்னொரு 1,000. பெண் பிள்ளையாக இருந்தால் அதே தொகை புதுமைப்பெண் திட்டத்தில் வரும். ஆக 1,750. அதோடு சைக்கிள், சீருடை, புத்தகம், பஸ் பாஸ். (எல்லைக்கு அந்தப் பக்கம், பாகூர் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இந்த 1,000 கணக்கில் வராது. புதுச்சேரிக்கும் இதே மத்தியச் சட்டங்கள்தான், உதவித் திட்டங்கள் வேறு.)

1,750-ஐப் பார்த்து அக்கா உதட்டைப் பிதுக்கினாள். நான் காலண்டரைக் காட்டினேன். ஃபிட்டர் (இயந்திரப் பாகங்களைப் பொருத்தும் தொழில்) படிப்பு இரண்டு வருடம். முடிக்கும்போது இவனுக்கு 18. எந்த ஆலைக் கதவு இன்று சட்டப்படி மூடியிருக்கிறதோ, அது அன்றைக்குச் சொந்தப் பெயரிலேயே திறக்கும். அப்ரண்டிஸாகப் போனாலும் அதே 2019 விதிகளில் ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தபட்சம் 7,000. படிக்க மனம் வந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு. மொழித்தாள்களை எழுதித் தேறினால் பன்னிரண்டாவதுக்கு இணையான சான்றும் கிடைக்கும். துணிக்கடை இரண்டு வருடத்தில் இதில் எதையும் தராது.

கடன்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது, உண்மைதான். கோடை விடுமுறையில் மட்டும் அந்தக் காலை நேரக் கடை வேலைக்குப் போவதாகப் பையனே சொன்னான். அந்தப் பணம் அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்று நான் கேட்டேன். பத்து வயது தாண்டினாலே பிள்ளைகள் தாங்களே கணக்கை இயக்க ரிசர்வ் வங்கி 2025இல் வழி செய்திருக்கிறது. அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இப்போது வீட்டில் ஓடுவது ஃபிட்டரா, எலக்ட்ரீஷியனா என்ற சண்டை.