பெர்மிட்டைப் பார்ப்பதா, வானம் தோண்டியதைப் பார்ப்பதா?

அமெரிக்காவுக்கு கிரானைட் ஸ்லாப் அனுப்புகிறவர்கள் நாங்கள். அங்கே எத்தனை புது வீடு எழும்புகிறது என்பதை வைத்துத்தான் குவாரியில் எத்தனை பிளாக் எடுப்பது என்று முடிவு செய்கிறோம்.

மாதாமாதம் 17-ஆம் தேதி வாக்கில் அந்நாட்டு சென்சஸ் பீரோ இரண்டு கணக்கையும் ஒரே அறிக்கையில் தருகிறது. நமக்கு அப்போது மாலை ஆறு மணி, அங்கே குளிர்காலம் என்றால் ஏழு. ஒன்று, வீடு கட்டக் கொடுத்த பெர்மிட். மற்றது ‘ஸ்டார்ட்ஸ்’, அதாவது அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டத் தொடங்கிய வீடுகள்.

செய்தியில் பெரிதாக வருவது ஸ்டார்ட்ஸ்தான். நானும் அதையே பார்த்து வந்தேன். ஒருமுறை அது துள்ளியதை நம்பிக் கூடுதலாக அறுத்துப் போட்டோம். அடுத்த மாதமே அந்த எண்ணைக் குறைத்துத் திருத்திவிட்டார்கள். ஸ்லாப்புகள் யார்டிலேயே நின்றன. அப்புறம்தான் பெர்மிட்டுக்கு மாறினேன்.

முக்கியக் காரணம் பிழை வரம்பு. அறிக்கையில் ஒவ்வொரு சதவீதத்தின் பக்கத்திலும் ± போட்டு இன்னொரு எண் இருக்கும். ஸ்டார்ட்ஸுக்கு அது பல மாதங்களில் 10-ஐத் தாண்டும். பெர்மிட்டுக்கு அதைவிட மிகக் குறைவு. ஏற்றம் 5, பிழை 12 என்றால் ஏறியதா இறங்கியதா என்றே சொல்ல முடியாது. அங்கே ஒரு நட்சத்திரக் குறி நிற்கும். பெர்மிட் உள்ளாட்சிப் பதிவேட்டிலிருந்து வருகிறது. ஸ்டார்ட்ஸோ, சில கட்டுமானங்களை மட்டும் தேர்ந்தெடுத்து விசாரித்துப் போடும் மதிப்பீடு. போக்கு தெரிய பெர்மிட்டுக்கு மூன்று மாதம், ஸ்டார்ட்ஸுக்கு ஆறு மாதம் ஆகலாம் என்று அவர்களே அச்சிடுகிறார்கள்.

வானிலையும் சேர்ந்துகொள்ளும். 2006 ஜனவரியில் அங்கே வழக்கத்துக்கு மாறாகக் குளிர் குறைவு. ஸ்டார்ட்ஸ் ஆண்டு வேகத்தில், அதாவது அந்த மாத வேகமே ஆண்டு முழுக்க நீடித்தால் எத்தனை வீடு என்ற கணக்கில், 22 லட்சத்தைத் தாண்டி உச்சம் தொட்டது. பெர்மிட் 2005 செப்டம்பரிலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. 2007 டிசம்பரில் அங்கே பொருளாதார மந்தம் ஆரம்பித்தது. 2009 ஏப்ரலில் ஸ்டார்ட்ஸ் 5 லட்சத்துக்கும் கீழே.

பெர்மிட் வாங்கியும் கட்டாமல் விடுவார்கள், வட்டி ஏறும் காலத்தில் குறிப்பாக. அது உண்மைதான். சிமென்ட், கம்பி விற்பவருக்கு ஸ்டார்ட்ஸ்தான் நெருக்கமாக இருக்கும் என்று தோன்றுகிறது. அடுக்குமாடி பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கள் சரக்கு பெரும்பாலும் தனி வீட்டுச் சமையல் மேடைக்குப் போவது. அதனால் தனி வீட்டு பெர்மிட்டின் மூன்று மாதச் சராசரியை மட்டும் யார்டு போர்டில் எழுதிவைத்து, அதைப் பார்த்தபிறகே பிளாக்குக்கு முன்பணம் கொடுக்கிறேன்.