ஜிப் போச்சா? தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் பை ரிப்பேர் கடை

ஒகேனக்கல் போய் வந்ததிலிருந்து மகளுடைய காலேஜ் பை மூடவே இல்லை. ரன்னர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வரும், பின்னாலேயே பல் பிளந்துகொண்டு வரும். முதலில் காட்டிய கடையில் முழு ஜிப்பையும் மாற்ற 250 ரூபாய் கேட்டார்கள்.

அப்புறம்தான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சந்தில் தையல் மிஷினோடு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் போனோம். பையை வாங்கியதும் காதருகே வைத்து ஒருமுறை இழுத்தார். "ஜிப் நல்லாத்தாம்மா இருக்குது, ரன்னர்தான் வாய் விட்டுப்போச்சு." தேய்ந்த ரன்னர் இரண்டு பக்கப் பல்லையும் நெருக்கிப் பிடிக்காது, கோத்துக்கொள்ளாமல் பிரிந்துவிடும், அவ்வளவுதான் கோளாறு. பல்லிடுக்கில் இருந்த ஆற்று மணலைப் பழைய பிரஷ்ஷால் தட்டி எடுத்து, புது ரன்னரை ஏற்றி, கோடியை நூலால் கட்டி, மெழுகுவர்த்தியைப் பல் மேல் தேய்த்துவிட்டு, மறுபடியும் காதில் வைத்தார். "கரகரன்னா இன்னும் மண்ணு இருக்குது. ஜிப்புன்னு ஒரே இழுப்புல சத்தம் வரணும்." பத்து நிமிடம், 40 ரூபாய்.

அவர் சொன்னது அந்த வார்த்தையின் பிறப்பேதான். நமக்கு விர்ரென்று, சர்ரென்று இருப்பது போல, வேகமாகப் பாயும் பொருளின் சத்தத்துக்கு ஆங்கிலத்தில் ஜிப். பல் கோக்கும் இந்தச் சாமானுக்கு முதலில் வேறு பெயர்கள் இருந்தன. 1923இல் அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனி தன் ரப்பர் பூட்ஸுக்கு ஜிப்பர் என்று பெயர் வைக்க, அதுவே நிலைத்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஃபைலைச் சுருக்குவதும் பையை மூடுவது போல என்பதால்தான் ஜிப் என்று மகள் நினைத்திருந்தாள். இல்லை, 1989இல் ஃபைல் சுருக்கும் புரோகிராம் எழுதிய ஃபில் காட்ஸ் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது வேகத்தைக் காட்டத்தான். அமெரிக்கத் தபால் துறை 1963இல் கொண்டுவந்த, நம்ம பின்கோடு போன்ற ஜிப் கோடு மூன்று சொற்களின் முதலெழுத்து என்றாலும், கடிதம் விரைந்து போகும் என்ற குறிப்பு அதிலும் உண்டு. ஆங்கிலத்தில் வாயை மூடு என்பதற்கும் இதே சொல்தான், அது மட்டும் சத்தத்திலிருந்து இல்லாமல் பையை மூடும் ஜிப்பிலிருந்து வந்தது.

சரி, கடைக்கு வருகிறேன். கறுப்பு ரன்னர் கிடைக்கவில்லை, வெள்ளிக் கலர்தான் போட்டார், அது ஒன்றுதான் குறை. மூன்று வாரமாக மகள் பாலக்கோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் அந்தப் பையோடுதான் வருகிறாள், பல் ஒருமுறைகூடப் பிரியவில்லை. போகும்போது பையைக் காலி செய்து எடுத்துப் போங்கள், புத்தகம் அடைத்திருந்தால் சத்தம் சரியாகக் கேட்காது என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.