பழைய பென்ஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: டேஷ்போர்டு வேலைக்கு விடுமுன் படியுங்கள்

பழைய கார்களின் டேஷ்போர்டு, மரவேலை, சீட், டோர் பேட் எல்லாவற்றையும் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே ஆக்கித் தருகிறோம் என்று சொல்லும் ஒரு பட்டறையில் எங்கள் வீட்டு பென்ஸ் 240டியை விட்டேன். 1,85,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வேலை மட்டமாக இருந்தது என்பதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வண்டியின் ஒரிஜினல் பாகங்களைக் கழற்றி வெளியே விற்றிருக்கிறார்கள். விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை.

வண்டி 1983 மாடல், அப்பா வாங்கியது. டபிள்யூ123 என்ற இந்த வரிசை 1976இல் அறிமுகமாகி, ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள் தயாரானது. எஞ்சின் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் சளைக்காது. டேஷ்போர்டு அப்படியில்லை. உள்ளே இரும்புச் சட்டம், அதன்மேல் ஃபோம், அதற்கும் மேல் பிவிசி தோல். கண்ணாடி வழியாக விழும் வெயிலில் பிவிசியை இளக்கமாக வைத்திருக்கும் ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும், தோல் விறைக்கும், சுருங்கும், மேல்பக்கத்து ஸ்பீக்கர் ஜாலி ஓரத்தில் பிளக்கும். எங்கள் வண்டியிலும் அங்கேதான் பிளந்திருந்தது. நடுக் கன்சோலிலும் டேஷ்போர்டிலும் இருந்த ஜீப்ரானோ மரத்தின் வார்னிஷ் மஞ்சளாகி உரிந்திருந்தது. காமரூன், காபோன் பக்கத்துக் காடுகளில் வளரும் மரம் அது. பொன்னிறத்தில் கரும்பழுப்புக் கோடுகள் நெருக்கமாக ஓடும். அதை இழைத்த மெல்லிய மரத்தகடான வெனீர்தான் இந்த வண்டிகளுக்குள் இருக்கும் அழகே.

வாட்ஸ்அப்பில் அவர்கள் எழுதிக் கொடுத்தது இது: "டேஷ் ஃபுல்லா கழட்டி, விரிசல் ஃபில் பண்ணி, மோல்டு ஸ்கின். மரம் அதே மரம், பாலிஷ் மட்டும். சீட் உள்திண்டு மாத்த மாட்டோம்." இந்த மெசேஜ் இன்று எனக்குப் பெரிய பலமாக இருக்கிறது.

வண்டி திரும்பி வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. மழைநாளில் கண்ணாடி ஆவி படர்ந்து, புளோயரைப் போட்டால் காற்றே மேலே வரவில்லை. குனிந்து பார்த்தால் கண்ணாடியை ஒட்டிய காற்றுத் துவாரங்களின் மேலேயே ரெக்சினை ஒட்டியிருந்தார்கள். டேஷ்போர்டைக் கழற்றவே இல்லை. இருந்த இடத்திலேயே விரிசல்களில் சிலிக்கான் பிதுக்கி, சீட் கவருக்குப் போடும் ரெக்சினைச் சொல்யூஷன் தடவி இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் மீட்டருக்கு மேலே உள்ள குழிவான வளைவில் அது எழும்பிக்கொண்டது. இழுத்து ஒட்டிய ரெக்சின் குழிவான இடத்தில் நிற்காது, வெயில் ஏறினால் பசை விட்டுவிடும். அச்சில் சூடுபடுத்தி வார்த்த தோல்தான் அந்த வளைவில் உட்காரும். அதற்கு டேஷ்போர்டு வண்டியை விட்டு வெளியே வந்தாக வேண்டும்.

அதைவிட என்னைப் பதறவைத்தது ஆயில் மீட்டர். இந்த வண்டியில் இடதுபக்க வட்டத்துக்குள் டீசல் அளவு, எஞ்சின் சூடு, ஆயில் பிரஷர் மூன்றும் இருக்கும். ஆயில் பிரஷர் முள் மின்சாரத்தில் வேலை செய்வதில்லை. எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக ஆயிலே நேராக மீட்டரின் பின்புறம் வரை வருகிறது. மீட்டர் பெட்டிக்கு ஸ்க்ரூவும் கிடையாது, ரப்பர் விளிம்பின் பிடியில் நிற்கிறது. பின்னால் இருக்கும் ஆயில் குழாயையும் ஸ்பீடோமீட்டர் கேபிளையும் விடுவித்து நிதானமாக எடுக்கவேண்டிய பெட்டி அது. தெரியாதவர் வெடுக்கென்று இழுத்தால், 40 வருஷச் சூட்டில் காய்ந்துபோன குழாய் பொடுக்கென்று உடையும்.

எங்கள் வண்டியில் உடைந்திருக்கிறது. மாற்றுக் குழாய் வாங்கிப் போடாமல், எஞ்சின் பக்கத்து முனையையே அடைத்துவிட்டார்கள். முள் அசையவில்லையே என்று கேட்டதற்கு, "மீட்டர் பழசு சார், அது அப்படித்தான் சார்" என்றார் பட்டறைக்காரர். புதுப்பேட்டையில் டீசல் பென்ஸ் பார்க்கும் பாய் பானெட்டைத் திறந்த கையோடு சொன்னார்: "தம்பி, லைனையே அடைச்சு வெச்சிருக்கானுங்க. ஆயில் இறங்குனா உங்களுக்கு எப்படித் தெரியும்? எஞ்சின் சீஸ் ஆனப்புறமா?" ஓடும்போது 3இல் போய் நிற்கவேண்டிய முள் அது. அது செத்துக் கிடக்க, குடும்பத்தோடு திருவண்ணாமலை வரை போய்வந்திருக்கிறோம். நினைத்தால் இன்னும் கோபம் அடங்கவில்லை.

மீட்டருக்காகக் கன்சோலையும் பிரித்தபோதுதான் மரத்தின் கதை வெளிவந்தது. பாலிஷ் போட்டதாகச் சொன்னது மரமே இல்லை. பிளாஸ்டிக் தகட்டின்மேல் மர அச்சு ஸ்டிக்கர், அதன்மேல் கெட்டியான கிளியர் கோட். கோடுகள் ஒரு சாண் தூரத்துக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வந்தன. உண்மையான மரத்தில் அப்படி வராது. ஒரிஜினல் பாகமாக இருந்தால் பின்பக்கத்தில் பென்ஸ் பாக எண் இருக்கும், இந்த வரிசைக்கே உரியது 123 என்று தொடங்கும். இதில் வெறும் மார்க்கர் கோடு.

கேட்டேன். "பழசு உளுத்துப் போச்சு சார், வேஸ்ட்டு, தூக்கிப் போட்டாச்சு. நல்லதுக்குத்தான் புதுசு போட்டோம்" என்றார். உளுத்த மரமில்லை அது, மேல் வார்னிஷ்தான் போயிருந்தது. ஹீட் கன்னால் பழைய வார்னிஷை இளக்கிச் சுரண்டி, நைசான எமரி பேப்பரால் கையாலேயே தேய்த்து, லேக்கரைப் பல பூச்சுகளாகக் கட்டினால் மீண்டுவிடும். வெனீர் மெல்லியது என்பதால் மெஷின் வைக்கக் கூடாது, பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்குத்தான் காசு கொடுத்தேன்.

சில வாரம் கழித்து, பழைய கார் பாகங்கள் விற்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் "ஒரிஜினல் ஜீப்ரானோ, டபிள்யூ123" என்று நண்பர் ஒருவர் படம் அனுப்பினார். சாம்பல் தட்டுக்கு மேலே பக்கம் பக்கமாக இரண்டு சின்ன ஓட்டை. அப்பா முருகன் வில்லை பதித்திருந்த இடம். வண்டியை விடுவதற்கு முன் எடுத்த படத்திலும் அதே ஓட்டைகள், அதே இடைவெளி, பக்கத்தில் அதே கீறல். விற்றவரிடம் விசாரித்ததில், வாங்கிய இடம் அந்தப் பட்டறைதான் என்றார்.

சீட்டிலும் இதே வேலைதான். ஸ்பிரிங்குக்கு மேலிருந்த ரப்பர் பூசிய நார்த்திண்டைக் காணோம், சாதாரண ஃபோம் வெட்டி வைத்திருக்கிறார்கள், உட்கார்ந்தால் அமுங்குகிறது. புதுக் கார்பெட்டுக்குக் கீழே தார் ஷீட்டை உரித்தால் ஈரமும் துருவும்.

இந்த வண்டிகளுக்கு நல்ல பழைய பாகம் கிடைப்பது அரிதாகிக்கொண்டே வருகிறது. "வேஸ்ட்டு" என்று அவர்கள் சொல்வதன் விலை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் வண்டியை விடுமுன் ஒவ்வொரு மரத்துண்டையும் முன்னும் பின்னும் படமெடுங்கள். மீட்டரில் உள்ள விடிஓ (மீட்டர் செய்த கம்பெனி) பெயர், கிலோமீட்டர் எண், சீட்டைத் தூக்கி உள்திண்டு எல்லாமே படத்தில் இருக்கட்டும். பின்பக்கத்தில் உங்களுக்கு மட்டும் தெரிகிற ஒரு அடையாளம் போடுங்கள். "கழற்றும் எந்தப் பாகமும், உடைந்தது உட்பட, திருப்பித் தரப்படும்" என்று எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வரிக்கு முகம் சுளிக்கும் பட்டறையில் விடவேண்டாம். பாக்கியைக் கொடுக்குமுன் பாயைப் போல எஞ்சின் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய், முள் அசைகிறதா, எல்லாத் துவாரத்திலும் காற்று வருகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் சும்மா விட்டுவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. என் நோட்டீஸ் போன பிறகு பாதிப் பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்கிவிடுங்கள் என்று போன் வந்தது. மறுத்துவிட்டேன். எனக்கு அப்பாவின் மரம் வேண்டும்.

அந்தக் கன்சோல் பலகை இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவரிடம் இருப்பதாகத் தெரிகிறது. சாம்பல் தட்டுக்கு மேல் இரண்டு ஓட்டை உள்ள, அல்லது மெழுகு வைத்து அடைத்த ஜீப்ரானோ பலகை யாரிடமாவது இருந்தால் தகவல் சொல்லுங்கள். அவர் கொடுத்த விலையை நான் கொடுத்துவிடுகிறேன், அவர்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.