லேபிள் இல்லாத டப்பா, மூன்றே நாளில் பளபளப்பு

எனக்கு வயது 48. போன குளிர்காலம் தொடங்கியபோது முகம் கழுவித் துடைத்த அடுத்த நிமிடமே கன்னம் இழுத்துப் பிடிக்கும். மூக்கோரம் தோல் பொடிப்பொடியாக உதிரும். வருடக்கணக்காகப் பூசிவந்த அதே க்ரீம் திடீரென்று எரிந்தது. முழங்காலுக்குக் கீழே நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும். ராத்திரி போர்வைக்குள் சூடு ஏற ஏற அரிப்பெடுத்துத் தூக்கம் கலையும். அந்த நிலைமையில்தான் ஒரு சருமப் பராமரிப்பு நிலையத்துக்குப் போனேன். பெயர் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இதே வயதில் இதே எரிச்சலோடு இப்படி ஓர் இடத்துக்குப் போக நினைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்தார். தான் டாக்டர் என்று அவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பஞ்சில் ஏதோ டோனரை நனைத்து என் முகத்தைத் துடைத்தார். ஸ்பிரிட் வாடை அடித்தது. உடனே பேனா மாதிரி ஒரு கருவியைக் கன்னத்தில் வைத்தார். "ஈரப்பதம் 18 சதவீதம்தான் மேடம், உங்க வயசுக்கு இது ரொம்ப மோசம்" என்றார். பிறகு அவர்களுடைய சீரத்தைத் தடவி மறுபடி வைத்தார். 46 காட்டியது. இரண்டு எண்களையும் கண்ணால் பார்த்தபின் என்ன சந்தேகம் வரும்? அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்தச் சோதனை எப்படிப்பட்டது என்று பின்னால்தான் புரிந்தது. அந்த மாதிரிக் கருவிகள் தோலின் மேற்பரப்பில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைப் பார்த்து ஈரத்தைக் கணக்கிடுகின்றன. தண்ணீர் கலந்த எதைத் தடவினாலும் எண் ஏறும். ஆராய்ச்சிக்காக அளப்பவர்கள், சீரான வெப்பமும் ஈரப்பதமும் உள்ள அறையில் ஆளை 15 முதல் 30 நிமிடம் உட்காரவைத்து, எதுவும் தடவாத தோலில்தான் அளப்பார்கள். நான் வெளிக்குளிரிலிருந்து உள்ளே வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆறு முறை கிளைகாலிக் ஆசிட் பீல் (அமிலம் தடவித் தோலின் மேலடுக்கை உரிப்பது), கூடவே ஓர் இரவு க்ரீம். இதுதான் எனக்குக் கொடுத்த தொகுப்பு. "செத்த செல்லை எல்லாம் எடுத்துட்டா புதுத் தோல் வந்துரும் மேடம்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் என் தோலுக்குக் குறைந்திருந்ததே அந்த மேலடுக்கின் பலம்தான். மேல்தோலைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொண்டால், செல்கள் செங்கல். செராமைடு என்ற கொழுப்பு வகை, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் கலந்த கலவைதான் இடையில் உள்ள பூச்சு. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகாமல் காப்பது அந்தப் பூச்சு. மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது தோல் மெலிகிறது, எண்ணெய்ச் சுரப்பும் குறைகிறது. அதோடு குளிர்காலத்து வறண்ட காற்று, அறைக்குள் ஹீட்டர். ஏற்கெனவே விரிசல் விட்ட சுவரை அமிலம் போட்டுச் சுரண்டினார்கள். முதல் பீலுக்குப் பிறகு மூன்று நாள் தண்ணீர் பட்டாலே எரிந்தது. "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார்கள். நம்பினேன்.

அப்புறம் அந்த இரவு க்ரீம். வெள்ளை டப்பா. பெயரில்லை, உட்பொருள் பட்டியலில்லை, தயாரித்த தேதியில்லை. "எங்க சொந்தத் தயாரிப்பு, முழுக்க மூலிகை." தடவிய மூன்றாம் நாள் சிவப்பு அடங்கியது. பத்தாம் நாள் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு மிருதுவான முகத்தைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. எரிச்சலில்லை, உதிர்வில்லை. "அக்கா, என்ன பூசுறே?" என்று தங்கை கேட்டாள். அவளுக்கும் குளிர்காலம் வந்தால் கன்னம் வெடிக்கும். சின்ன டப்பாவில் கொஞ்சம் எடுத்து என் கையாலேயே கொடுத்தேன். இந்தப் பதிவை எழுத வைத்ததே அதுதான்.

ஏழு வாரத்தில் க்ரீம் தீர்ந்தது. நான்காம் நாள் முகம் தீப்பட்டது போல் எரிந்தது. போன் செய்தேன். "உள்ளே இருந்த கழிவு வெளியே வருது மேடம், நிறுத்தினதுதான் தப்பு" என்று இன்னொரு டப்பா விற்றார்கள். பூசிய இரண்டே நாளில் அடங்கியது. அந்த நிம்மதியில் மேலும் இரண்டு மாதம் ஓடியது. அதற்குள் கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள், அதாவது ரத்தக் குழாய்கள், தெரிந்தன, வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள்.

தோல் மருத்துவர் இரண்டு கேள்விதான் கேட்டார். என்ன தடவுறீங்க? நிறுத்தினா அதிகமாகுதா? டப்பாவைக் காட்டினேன். முகத்தில் தெரிவது ஸ்டீராய்டு க்ரீம் நீண்ட நாள் பூசியதன் அடையாளம் என்றார். ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் வேகமாக அமுக்கும், அதனால்தான் அந்தப் பத்து நாள் அற்புதம். தொடர்ந்தால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் விரியும், நிறுத்தினால் திருப்பி அடிக்கும். குளோபெட்டசால் போன்ற மிகப் பலமான வகைகளை மருத்துவரே எழுதித் தந்தாலும் பொதுவாக 2 வாரத்துக்கு மேல் தொடர்வதில்லை, முகத்துக்குப் பெரும்பாலும் தருவதே இல்லை. ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. எக்ஸிமா என்னும் தோல் அழற்சிக்கு மருத்துவர் அளவு சொல்லித் தருவது மிக நல்ல சிகிச்சை. என்ன மருந்து, எவ்வளவு பலம், எத்தனை நாள் என்பதை மறைத்து விற்றதுதான் குற்றம். முகத்தை வெளுப்பாக்கும் பெயரில்லாத க்ரீம்களில் பாதரசமும் பிடிபட்டிருக்கிறது. அதையும் மனதில் வையுங்கள்.

பணம் திரும்பவில்லை. "பலன் நபருக்கு நபர் மாறும்" என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து இருந்தது.

மருத்துவர் எனக்குச் சொன்னவை எல்லாம் சாதாரண விஷயங்கள். முதலில் தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை, ஏனென்றால் தைராய்டு குறைந்தாலும் தோல் இப்படி வறளும். வெதுவெதுப்பான தண்ணீரில் 5 முதல் 10 நிமிடத்துக்குள் குளியல். துண்டால் ஒற்றியதும், ஈரம் காயும் முன் 3 நிமிடத்துக்குள் கிளிசரினோ செராமைடோ உள்ள க்ரீம், ரொம்ப வறண்ட இடத்தில் மேலே பெட்ரோலியம் ஜெல்லி. கால்களுக்கு 10 சதவீத யூரியா க்ரீம், வெடிப்பு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு. சோப்பைக் குறைக்கச் சொன்னார். தோலின் பிஎச் 5 அளவில், லேசான அமிலத்தன்மையோடு இருக்க, சாதாரண சோப்பு 9, 10 வரை காரத்தன்மைக்குப் போகும். வாங்கும்போது 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று பார்க்க வேண்டுமாம். 'அன்சென்டட்' என்றால் வாடை தெரியாமலிருக்கவே வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம், அதுவே உறுத்தும். புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு வாரம் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்கு.

ஸ்டீராய்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிட்டுத் தனியாக அவதிப்படாதீர்கள், டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். எனக்குக் குணமாக ஐந்து மாதம் ஆனது. நடுவில் வெளியே போகவே கூசிய நாட்கள் உண்டு. சிவப்பு நரம்புகள் சில இன்னும் இருக்கின்றன.

தங்கை இரண்டு வாரம்தான் பூசியிருந்தாள். நான் சொன்னதும் அவளும் மருத்துவரைப் பார்த்தாள், அவள் கன்னம் ஒரு மாதத்துக்குள் தேறிவிட்டது. அவளிடமிருந்து திரும்பி வாங்கிய அந்தச் சின்ன டப்பாவைப் புகாரோடு ஒப்படைத்திருக்கிறேன்.